ஒன்றும் சுழியும் பாடும் பாட்டு

உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அண்ணாச்சி கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் மாலையில் நீங்கள் அங்கே ஒரு பொட்டலம் சுண்டல் வாங்குகிறீர்கள். விலை 7 ரூபாய். உங்கள் சட்டைப் பையில் இருப்பவை 10 ரூபாய்த் தாள்கள் மட்டுமே. அண்ணாச்சியிடமோ சில்லறை என்பதே கிடையாது.

"சில்லறைக்கு நான் எங்கே போவேன், தம்பி? கணக்குப் புத்தகத்திலே எழுதி வைக்கிறேன். கடன் பத்து ரூபாய் சேர்ந்ததும் ஒரு தாள் கொடு, போதும்" என்கிறார் அவர்.

முதல் நாள் கடன் 7 ரூபாய். பத்து ஆகவில்லை, ஆகவே நீங்கள் ஒன்றும் கொடுப்பதில்லை. இரண்டாம் நாள் கடன் 14 ஆகிறது. ஒரு தாள் கொடுக்கிறீர்கள்; மீதி 4. மூன்றாம் நாள் 11, ஒரு தாள், மீதி 1. நான்காம் நாள் 8, தாள் இல்லை. ஐந்தாம் நாள் 15, ஒரு தாள், மீதி 5. ஆறாம் நாள் 12, ஒரு தாள், மீதி 2. ஏழாம் நாள் 9, தாள் இல்லை. எட்டாம் நாள் 16; ஒரு தாள்; மீதி 6. ஒன்பதாம் நாள் 13, ஒரு தாள், மீதி 3. பத்தாம் நாள் 10, ஒரு தாள், மீதி ஒன்றுமில்லை.

தாள் கொடுத்த நாளுக்கு 1 என்றும், கொடுக்காத நாளுக்கு 0 என்றும் எழுதுங்கள். 0110110111 என்று வருகிறதா? பத்து நாளில் ஏழு தாள்கள். அதாவது, நாளொன்றுக்குச் சராசரி 7 ரூபாய்!

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. உங்களிடம் இருந்த "அளவுகோலில்" இரண்டே கோடுகள்தாம்: ஒன்றுமில்லை, அல்லது பத்து. ஆனாலும் 7 என்னும் அளவை அது மிகச் சரியாகச் சொல்லிவிட்டது. பாட்டையும் பேச்சையும் எண்களாக மாற்றும் மிக நுட்பமான மின்னணுச் சுற்று ஒன்று இதே கணக்கைத்தான் போடுகிறது. அதன் பெயர் டெல்ட்டா-சிக்மா பண்பேற்றி. நம் அண்ணாச்சி ஒரு நாளைக்கு ஒரு முறை செய்வதை அது ஒரு விநாடியில் இருபத்தெட்டு லட்சம் முறை செய்கிறது.

ஒலி எண்ணாவது எப்படி?

ஒலிவாங்கியின் முன் ஒருவர் பாடும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப ஒலிவாங்கி தரும் மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. இந்த மின்னலையைக் குறுந்தகட்டில் பதிய வேண்டுமானால் முதலில் அதை எண்களாக மாற்ற வேண்டும். ஒரு விநாடியில் 44,100 முறை மின்னழுத்தத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக எழுதுவது குறுந்தகட்டின் முறை. மனிதக் காதுக்கு எட்டும் மிக உயர்ந்த அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பழுதின்றி மீட்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேலான விரைவில் அளக்க வேண்டும். அதனால்தான் இந்த 44,100.

ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகள் கொண்ட இரும எண்ணாக எழுதப்படுகிறது. 2ஐப் பதினாறு முறை பெருக்கினால் 65,536. ஆகவே அளவுகோலில் 65,536 படிகள். மின்னழுத்தம் இரண்டு படிகளுக்கு நடுவே நின்றால், அருகிலுள்ள படியின் எண்ணையே எழுத வேண்டும். அப்போது ஏற்படும் சிறு பிழை காதில் மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். படிகள் நெருங்க நெருங்க இரைச்சல் குறையும். ஒரு பிட் கூடினால் இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 16 பிட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடையே 98 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. இந்த 98 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நம் இலக்கு.

படிகள் கட்டுவதில் வரும் தொல்லை

இலக்கு எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அளவுகோலைச் செய்து பார்த்தால்தான் தொல்லை தெரியும். மொத்த மின்னழுத்த வீச்சு 2 வோல்ட் என்று கொண்டால், ஒரு படியின் உயரம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 30 பங்குதான். பழைய முறையில் இந்தப் படிகளை மின்தடைகளைக் கொண்டே கட்டினார்கள். முதல் பிட்டுக்கு உரிய மின்தடை மொத்த உயரத்தில் பாதியைத் தர வேண்டும், அடுத்தது கால் பங்கை, அதற்கடுத்தது அரைக்கால் பங்கை, இப்படிப் பதினாறு.

இதில் முதல் மின்தடை சிறிது பிசகினாலும், கடைசிப் பிட்டுகள் சொல்லும் நுட்பமெல்லாம் வீணாகிவிடும். ஒரு மூட்டை நெல்லை ஒரு கிலோ கூடக்குறைய நிறுத்துவிட்டு, அதன்மேல் நாலு நெல்மணிகளை எண்ணிப் போடுவதற்கு ஒப்பானது அது! முதல் மின்தடை ஏறத்தாழ அறுபத்தையாயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் இருந்தாக வேண்டும். சிலிக்கான் சில்லில் அருகருகே அமைக்கும் இரு மின்தடைகள், தனியே திருத்தப்படாவிட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஒத்துப்போகும். மீதித் துல்லியத்துக்கு ஒவ்வொரு சில்லையும் லேசர் கதிரால் செதுக்கித் திருத்துவது போன்ற செலவு மிகுந்த வேலைகள் தேவைப்பட்டன.

இனி, இரண்டே படிகள் கொண்ட அளவுகோலை எண்ணிப் பாருங்கள். அதில் பிசக என்ன இருக்கிறது? இரண்டு புள்ளிகளை இணைத்தால் எப்போதும் நேர்கோடுதான் வரும் என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள். மூன்றாவது புள்ளி ஒன்று இருந்தால்தானே அது கோட்டைவிட்டு விலகும்? ஒரு பிட் அளவுகோலின் பெருமை இதுவே. அது கரடுமுரடானது, ஆனால் கோணலாகாது.

மறதிக்கார அண்ணாச்சி

"அப்படியானால் ஒரே பிட்டை வைத்துக்கொண்டு மிக விரைவாகப் பல முறை அளந்து, சராசரி எடுத்தால் போதுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். விடையை நம் கடையிலேயே காணலாம்.

அண்ணாச்சி மறதிக்காரர், அவரிடம் கணக்குப் புத்தகமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 7 ரூபாய். 7 என்பது 0ஐவிட 10க்கு அருகில் இருக்கிறது. ஆகவே அவர் தினமும் ஒரு தாளை வாங்கிக்கொள்வார். பத்து நாள் ஆனாலும், பத்தாயிரம் நாள் ஆனாலும் சராசரி 10 ரூபாய்தான். பிழை ஒரு நாளும் குறையப்போவதில்லை.

மின்னலையில் இயல்பாகவே சிறு நடுக்கம் கலந்திருந்தால், வெறும் சராசரியாலும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அளக்கும் விரைவை நான்கு மடங்காக்கினால்தான் ஒரு பிட் கூடும். ஒரு பிட்டிலிருந்து 16 பிட்டுக்குப் போக, 4ஐப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். அது 107 கோடி மடங்கு! விநாடிக்கு 47 லட்சம் கோடி அளவீடுகள். நடக்கிற காரியமா?

புத்தகம் வைத்திருக்கும் அண்ணாச்சியின் கதை வேறு. அவருடைய புத்தகத்தில் மீதிக் கடன் ஒருபோதும் 10 ரூபாயை எட்டுவதில்லை. ஆகவே ஆயிரம் நாள் கணக்கை எடுத்தால், மொத்தத் தவறே 10 ரூபாய்க்குள். நாள் சராசரியில் தவறு ஒரு பைசாவுக்கும் குறைவு. வேறுபாடு எங்கே வந்தது? முதலாமவர் பிழையை மறந்துவிடுகிறார். இரண்டாமவர் அதை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகிறார். அவ்வளவுதான்.

சுற்று எப்படி வேலை செய்கிறது?

கணித வகுப்பில் சிக்மா என்னும் கிரேக்க எழுத்தைக் கூட்டுத்தொகைக்கும், டெல்ட்டாவை வேறுபாட்டுக்கும் பயன்படுத்துகிறோம். நம் பண்பேற்றியின் பெயரில் இரண்டும் இருக்கின்றன.

வெளியிலிருந்து வரும் மின்னலைதான் சுண்டலின் விலை. கணக்குப் புத்தகத்தின் இடத்தில் தொகைப்பான் என்னும் சுற்று இருக்கிறது. செயல்பாட்டுப் பெருக்கியுடன் இணைந்த ஒரு மின்தேக்கியே அதன் உயிர். வருகிற மின்னூட்டத்தை அது சேர்த்துவைக்கிறது. இதுவே சிக்மா. "பத்து ஆயிற்றா?" என்று பார்க்கும் வேலையை ஓர் ஒப்பீட்டுச் சுற்று செய்கிறது. கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றின்போதும் அது 1 அல்லது 0 என்று தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பு 1 ஆனால், குறிப்பிட்ட அளவு மின்னூட்டம் பின்னூட்டப் பாதை வழியாக வந்து தொகைப்பானிலிருந்து கழிக்கப்படுகிறது. கொடுத்த தாளைக் கடனில் கழிப்பது போல! வந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள இந்த வேறுபாடே டெல்ட்டா.

வெளியே வருவது ஒன்றும் சுழியும் கலந்த நீண்ட வரிசை. மின்னலை உயர்ந்திருக்கும்போது அதில் ஒன்றுகள் மிகுந்திருக்கும். தாழும்போது சுழிகள் மிகும். அதைக் கணிப்புச் சுற்றாலான ஒரு வடிகட்டியில் செலுத்தினால், அது சராசரி கண்டு, விநாடிக்கு 44,100 வீதம் 16 பிட் எண்களாகத் தந்துவிடும். மாறாக, அந்த வரிசையை நேரே ஒரு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட எளிய வடிகட்டியில் செலுத்தினால், பாட்டே மின்னலையாக வெளிவரும்.

இந்தக் கருத்து நேற்றுப் பிறந்ததல்ல. அளவீட்டின் பிழையைப் பின்னூட்டி ஈடுசெய்யும் முறைக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காசியஸ் கட்லர் 1954இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1960இல் அது கிடைத்தது. அக்காலத்தில் டெல்ட்டா பண்பேற்றம் என்ற முறையும் வழக்கில் இருந்தது. அலை ஏறியதா, இறங்கியதா என்பதை மட்டும் அனுப்புவார்கள். பெறும் முனையில் அவற்றைக் கூட்டிக்கொள்வார்கள். வழியில் ஒரு பிட் கெட்டாலும் அந்தத் தவறு கூட்டுத்தொகையில் தங்கிவிடும். 1962இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி இனோசே, யாசுஹிகோ யாசுதா, முரகாமி ஆகியோர் ஒரு மாற்றம் செய்தனர். பெறும் முனையில் இருந்த கூட்டும் வேலையை அனுப்பும் முனைக்கே கொண்டுவந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரே டெல்ட்டா-சிக்மா. ஆனால் வெளிவரும் பிட்டுகளை வடிகட்டிச் சுருக்கும் கணிப்புச் சுற்றுகள் மலிவான சில்லுகளாகக் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

பிழை எங்கே போயிற்று?

பிழை மறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 0110110111 என்ற வரிசையை மீண்டும் பாருங்கள். உண்மை விலை 7. வரிசையோ ஒரு நாள் 0, மறுநாள் 10 என்று துள்ளுகிறது. நாளுக்கு நாள் பார்த்தால் பிழை 7 ரூபாய் வரை இருக்கிறது. ஆனால் அது படு வேகமாக முன்னும் பின்னும் துள்ளும் பிழை. நீண்ட நாள் கணக்கில் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

அதாவது, பண்பேற்றி இரைச்சலை அழிப்பதில்லை. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் துரத்திவிடுகிறது. உண்மையில் மொத்த இரைச்சல் முன்னைவிடக் கூடித்தான் போகிறது! கூடத்துக் குப்பையைப் பெருக்கிப் பின்கட்டில் குவித்தாற்போல, கேட்கும் பகுதி தூய்மையாகிறது. பின்கட்டுக் குப்பையை வடிகட்டி அள்ளிக் கொட்டிவிடுகிறது.

செய்தித்தாளில் வரும் கறுப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதில் சாம்பல் நிற மையே கிடையாது. வெறும் கறும்புள்ளிகள்தாம். எட்ட நின்று பார்க்கும் கண் அவற்றைச் சராசரி ஆக்கிச் சாம்பல் நிறமாகக் காண்கிறது. கண்ணுக்குப் புள்ளி செய்வதைக் காதுக்குப் பிட் செய்கிறது.

14ஐ 16 ஆக்கிய கதை

இந்தக் கணக்குத் தந்திரம் ஒரு நிறுவனத்தின் இக்கட்டைத் தீர்த்த கதை சுவையானது. குறுந்தகட்டை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. பிலிப்ஸ் பொறியாளர்கள் 14 பிட் எண்ணை மின்னலையாக மாற்றும் சில்லை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். சோனியோ 16 பிட்தான் வேண்டும் என்றது. முடிவில் 16 பிட்டே பொது விதியாயிற்று.

பிலிப்ஸ் என்ன செய்யும்? கையில் இருப்பதோ 16,384 படிகள் கொண்ட சில்லு. தேவை 65,536 படிகள். அவர்கள் சில்லைத் தூக்கி எறியவில்லை. விநாடிக்கு 44,100 என்பதை நான்கு மடங்காக்கி 1,76,400 ஆக்கினர். 16 பிட் எண்ணை 14 பிட்டாகக் குறைக்கும்போது விடுபடும் மீதியை, அண்ணாச்சியைப் போல, அடுத்த எண்ணோடு சேர்த்தனர். நான்கு மடங்கு விரைவும் ஒரு கணக்குப் புத்தகமும் சேர்ந்தால் ஏறத்தாழ 13 டெசிபெல் இலாபம். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்று முன்பே பார்த்தோம். ஆகவே இலாபம் சரியாக இரண்டு பிட். 14 பிட் சில்லு 16 பிட் வேலையைச் செய்துவிட்டது! சோனியின் முதல் குறுந்தகட்டுக் கருவி 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸின் முதல் கருவி இந்த 14 பிட் சில்லுகளோடுதான் அதை எதிர்கொண்டது.

நாமே ஒன்று வடிவமைப்போம்

இப்போது நாமே பொறியாளர்கள். ஒரு பிட்டை வைத்துக்கொண்டு 98 டெசிபெல்லை எட்ட வேண்டும். விரைவை 64 மடங்காக வைப்போம். 44,100ஐ 64ஆல் பெருக்கினால் விநாடிக்கு 28,22,400. சிலிக்கான் சில்லுக்கு இது எளிய விரைவு.

ஒரு தொகைப்பான் மட்டும் இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 57 டெசிபெல். போதாது. இதில் விரைவை இரட்டித்தால் 9 டெசிபெல் கூடும், எட்டுவதற்குள் களைத்துப்போவோம்.

அண்ணாச்சி இன்னும் கண்டிப்பானவராகட்டும். கடன் எவ்வளவு என்பதோடு, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் பார்க்கிறார். அதற்கு இரண்டாவது புத்தகம் போடுகிறார். முதல் புத்தகத்தின் மீதியை நாள்தோறும் அதில் கூட்டிவருகிறார். வட்டிக் கணக்குப் போல! தாள் கேட்பதா வேண்டாமா என்பதை இரண்டையும் பார்த்தே முடிவு செய்கிறார். மின்னணுவில் இது இரண்டு தொகைப்பான்கள் கொண்ட இரண்டாம் வரிசைப் பண்பேற்றி. அதே 64 மடங்கில் இப்போது 85 டெசிபெல். விரைவை இரட்டித்தால் 15 டெசிபெல் கூடும். 128 மடங்குக்குப் போனால் 100, இலக்கைத் தாண்டிவிட்டோம்.

விரைவைக் கூட்டாமல் மூன்றாவது புத்தகம் போட்டால்? காகிதக் கணக்கில் 113 டெசிபெல்! அப்படியானால் நான்கு, ஐந்து என்று அடுக்கிக்கொண்டே போகலாமே?

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. சைக்கிள் பழகியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் சாய்கிறது. நீங்கள் சற்றுத் தாமதமாக, சற்று அதிகமாகவே வலப்பக்கம் திருப்புகிறீர்கள். வண்டி வலப்பக்கம் சாய்கிறது. மறுபடி திருப்பம், முன்னைவிட அதிகம். கடைசியில் முழங்காலில் காயம். ஒவ்வொரு தொகைப்பானும் திருத்தத்தைச் சிறிது தாமதப்படுத்துகிறது. மூன்றும் அதற்கு மேலும் சேர்ந்தால், திருத்தம் வருவதற்குள் பிழை பெருகிவிடும். அதை அடக்க ஒரு பிட்டின் வலிமை போதாது. தொகைப்பான்கள் நிரம்பி வழியும். வெளியே 111111 என்றும் 000000 என்றும் நீண்ட கூட்டங்கள் வரும். பாட்டு மறைந்து, அலறல்தான் மிஞ்சும்.

இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். முதல் வழி, பேராசையை அடக்குவது. மூன்றாம் வரிசையில் கட்டுப்பாடின்றி விட்டால், மிக உயர்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் எட்டு மடங்கு பெருக்கப்படுகிறது. அதை எந்த அதிர்வெண்ணிலும் குறிப்பிட்ட ஒரு சிறு மடங்குக்கு மேல் போகாதபடி அடக்கினால் சுற்று பெரும்பாலும் நிலைத்து நிற்கும் என்ற அனுபவ விதியை, 1987இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெய் லீ தம் ஆய்வேட்டில் எழுதினார். அந்த அடக்கத்துக்கு விலையாக 113இல் கணிசமான பகுதியை இழக்க வேண்டும். இந்த விதியும் முழு உறுதி தருவதல்ல. எனவே வடிவமைப்பாளர்கள் பண்பேற்றியைக் கணிப்பொறியில் லட்சக்கணக்கான துடிப்புகளுக்கு ஓட்டிப் பார்த்த பிறகே சில்லாக்குகிறார்கள்.

இரண்டாம் வழி, ஒரே கடையில் மூன்று புத்தகங்களை அடுக்காமல், மூன்று கடைகளைத் தொடராக வைப்பது. முதல் கடையில் மிஞ்சிய பிழையை இரண்டாம் கடை அளக்கிறது. அதில் மிஞ்சியதை மூன்றாவது அளக்கிறது. பிறகு மூன்று விடைகளையும் உரிய முறையில் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரே புத்தகம். ஆகவே எதுவும் கவிழாது. 1987இல் ஜப்பானின் என்டிடி நிறுவனப் பொறியாளர்கள் இம்முறையில் 16 பிட் மாற்றியைச் செய்து காட்டினார்கள்.

எந்தத் தவறு பொறுக்கும், எந்தத் தவறு பொறுக்காது?

வடிவமைப்பாளர் அறிய வேண்டிய இன்னொரு நுட்பமும் கடையிலேயே இருக்கிறது. அண்ணாச்சிக்குக் கண் மங்கல். கடன் 10 ஆனதும் கேட்க வேண்டியவர் 11 ஆன பிறகே கேட்கிறார். இழப்பு உண்டா? இல்லை. மீதி சற்று உயர்ந்து நிற்கும், அவ்வளவே. சராசரி மாறாது. ஆகவே ஒப்பீட்டுச் சுற்று கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் போதும்.

ஆனால் தாள் வாங்கும்போது அவர் ஒரு நாள் 10 கழிக்கிறார், மறுநாள் 9.90 கழிக்கிறார், இன்னொரு நாள் 10.05 என்றால்? புத்தகம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். எல்லா நாளும் 9.90 என்று ஒரே அளவாகத் தவறினால்கூடக் கேடில்லை. பாட்டின் ஒலியளவு சற்று மாறும், அவ்வளவுதான். நாளுக்கு நாள் மாறுவதுதான் ஆகாது. ஆகவே பின்னூட்ட மின்னூட்டமும், அதன் நேரத்தை அளக்கும் கடிகாரத் துடிப்பும் நடுங்காமல் இருக்க வேண்டும். பணத்தையும் உழைப்பையும் அங்கே செலவிட வேண்டும்.

மூன்றாவது தொல்லை ஒன்றும் உண்டு. சுண்டல் விலை சரியாக 5 ரூபாய் என்றால் வரிசை 010101 என்று போகும். விலை 5 ரூபாய் 1 பைசா ஆனால்? நெடுநாள் அதே 010101தான். ஆனால் 500ஆம் நாளும் 501ஆம் நாளும் அடுத்தடுத்துத் தாள் கொடுக்க நேரும். இப்படி ஏறத்தாழ 500 நாளுக்கு ஒரு முறை தாளம் தப்பும். நம் பண்பேற்றியின் விரைவில் 28,22,400ஐ 500ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,645. ஆம், பாட்டு நின்று அமைதியான வேளையில் 5,645 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய விசில் கேட்கும்! இதைப் போக்க, உள்ளே வரும் அலையோடு வேண்டுமென்றே சிறிதளவு ஒழுங்கற்ற இரைச்சலைக் கலக்கிறார்கள். ஒழுங்கு கலைந்ததும் விசில் மறைகிறது. தூய்மைக்காக இரைச்சலைச் சேர்ப்பது விந்தைதான்.

இன்று

1999இல் சோனியும் பிலிப்ஸும் ஒரு பிட் வரிசையை, விநாடிக்கு 28,22,400 வீதம், அப்படியே பதிந்த புதிய வகைத் தகட்டை வெளியிட்டன. அதற்கு மறுப்பும் எழுந்தது. 2001இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டான்லி லிப்ஷிட்ஸும் ஜான் வாண்டர்கூயும், இரண்டே படிகள் உள்ள அளவுகோலில் விசிலைப் போக்கத் தேவையான அளவு இரைச்சலைக் கலக்க இடமே இல்லை என்று எடுத்துக்காட்டினர். இன்று உயர்தர ஒலி மாற்றிகள் பலவற்றில் ஒரு பிட்டுக்குப் பதில் சில பிட்டுகள் இருக்கின்றன. அப்போது படிகள் ஒத்துப்போகாத பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டும். அதற்கும் வழி உண்டு. ஒரே அளவாக இருக்க வேண்டிய உறுப்புகளை முறைவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், அவற்றின் ஏற்றத்தாழ்வும் உயர் அதிர்வெண் பக்கம் ஒதுங்கிவிடும்.

ஒரு பிட் முறையும் ஓய்ந்துவிடவில்லை. கைப்பேசிகள் பலவற்றில் உள்ள மிகச் சிறிய சிலிக்கான் ஒலிவாங்கிக்குள்ளேயே ஒரு டெல்ட்டா-சிக்மா பண்பேற்றி இருக்கிறது. நீங்கள் "ஹலோ" என்றதும் அங்கிருந்து புறப்படுவது ஒன்றும் சுழியுமான ஒற்றை வரிசைதான்.

செய்து பாருங்கள்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டல் விலை முதல் பத்து நாள் 3 ரூபாய், அடுத்த பத்து நாள் 5 ரூபாய், அதற்கடுத்த பத்து நாள் 8 ரூபாய் என்று வைத்து, முப்பது நாள் கணக்கை எழுதுங்கள். தாள் கொடுத்த நாளுக்குக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். கொடுக்காத நாளுக்கு வெறுமையாக விடுங்கள். முடிந்ததும் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்ட நின்று பாருங்கள். விலை ஏறியது தெரிகிறதா?

பிறகு, பத்து நாளுக்கு ஒரு முறை அண்ணாச்சி மீதியை மறந்துவிட்டுப் புதுப் பக்கம் தொடங்குவதாக வைத்து, 7 ரூபாய் 50 பைசா விலைக்கு நாற்பது நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மறக்காதவரின் கணக்கில் முப்பது தாள்கள் வரும். மறந்தவர் எத்தனை தாள்களை இழந்தார் என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.